எண்ணெய்ச் சட்டி வைக்காத வீட்டுக்கு ஒரு நாவல்

பன்னிரண்டு, பதின்மூன்று வயசுப் பிள்ளைக்கு எந்த நாவல் கொடுக்கலாம் என்று எங்கள் சாத்தனேந்தலில் யாரிடம் கேட்டாலும், முதலில் உங்கள் வீட்டுக் கூரை எப்படி, ஓடா தளமா என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. போன மாசியில், கிணற்றில் வாளி விட்டால் சேறு வரும் நாளில், கணக்கு வாத்தியாரின் எட்டாம் வகுப்பு மகன் கிளை நூலகத்திலிருந்து எடுத்து வந்த கடல் நாவலைக் குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருக்க, கதையில் கப்பல் கவிழ்ந்த இடத்தில் அவர்கள் அடுப்படிக்குள் கணுக்கால் அளவு உப்புத் தண்ணீர் வந்துவிட்டது, ஆட்டுரலுக்குப் பின்னால் இரண்டு நண்டும் ஓடின. வாத்தியார் சம்சாரம் கத்தவில்லை, கூப்பாடு போடவில்லை. நண்டு இரண்டையும் பிடித்துத் தட்டி ரசம் வைத்தாள். பையன் புத்தகத்தை மூடியதும் தண்ணீர் வடிந்தது, ரசத்தில் நண்டு வாசம் மட்டும் இருந்தது, நண்டு இல்லை. அன்றைக்கு அவர்கள் வெறும் புளித்தண்ணீரைத்தான் ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

அப்புறம் அது ஊருக்கே வந்துவிட்டது. பிள்ளைகள் படிக்கிற கதை அவர்கள் உட்கார்ந்த இடத்தைச் சுற்றிக் கசிந்தது: காற்று, குளிர், வாசம், சத்தம், சில நேரம் சின்ன மிருகங்கள். கதையில் வரும் மனிதர்கள் மட்டும் வரவில்லை, அவர்களுடைய குரல்தான் வந்தது. ஏன் இப்படி என்று யாரும் ரொம்ப மெனக்கெடவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் ஏன் நடக்கிறது என்பதைவிட அதை வைத்து என்ன செய்யலாம் என்பதுதான் முக்கியம். மின்சார வாரியத்து ஆள் ஒருவர் வந்து மீட்டரைப் பார்த்துவிட்டு, இது எங்கள் இலாகா இல்லை என்று காபி குடித்துப் போனார். பெரியவர்கள் படித்துப் பார்த்தார்கள், ஒன்றும் கசியவில்லை. தலைமை ஆசிரியர் தடித்தடியாக நான்கு நாவல் படித்து முடித்ததற்குத் தும்மல்தான் மிச்சம். முதலாம் வகுப்பு வாண்டுகள் படம் பார்த்தால் நாக்கில் கொஞ்சம் நிறம் ஒட்டியது, அவ்வளவே. மீசை அரும்புவதற்கும் கொஞ்சம் முன்னால், சடையை இரண்டாகப் போடுவதா ஒன்றாகப் போடுவதா என்று கண்ணாடி முன் சண்டை பிடிக்கிற அந்த இரண்டு மூன்று வருஷத்துப் பிள்ளைகளுக்குத்தான் அது நடந்தது.

பங்குனி முடிவதற்குள் ஊருக்கு எல்லாம் பழகிவிட்டது. காட்டுக் கதை ஓடுகிற வீட்டு வாசலில் சாக்பீஸால் 'குரங்கு உண்டு' என்று எழுதிவைத்தார்கள், வடகம் காயப்போடுகிறவர்கள் அதைப் பார்த்து வேறு மாடிக்குப் போனார்கள். பேய்க்கதை படிக்கும் பிள்ளை பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று தெருவில் பேசி முடிவானது. சித்திரை வெயிலில் கரண்டு போனால், பனிமலைக் கதை படிக்கும் பெண்ணின் வீட்டில் தெருவே போய்ப் பாய் விரித்துப் படுத்தது. அந்தப் பெண் பக்கத்தைப் புரட்டாமல் அத்தியாயம் ஒன்றிலேயே இருக்க வேண்டும் என்று கெஞ்சினார்கள், அவள் ஒரு குச்சி ஐசுக்கு ஒரு மணி நேரம் என்று பேரம் பேசினாள்.

இத்தனைக்கும் நடுவில் நூலகத்தில் உட்கார்ந்திருந்தவள் சகாயராணி. நூலகர். ஊர் அவளை லைப்ரரி மேடம் என்று கூப்பிடும். சிரித்தால் கன்னத்தில் குழி விழும், ஆனால் சீக்கிரம் சிரிக்க மாட்டாள். அவள் நன்றாக இருக்க வேண்டும், அவள் மொபெட் ஒருநாளும் நடுவழியில் நிற்கக் கூடாது என்று நான் தினமும் விளக்கேற்றும்போது சொல்கிறேன். ஏன் என்று இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

"மேடம், குளுகுளுன்னு ஒண்ணு குடுங்க, எங்க வீட்டுல ஃபேன் ஓடல" என்று தாய்மார் வரிசையில் நிற்பார்கள். "ஏலக்கா வாசம் வர்ற மாதிரி ஏதாச்சும் இருந்தா நல்லாருக்கும், பொண்ணு பாக்க வர்றாங்க" என்பார்கள். சகாயராணி அவர்களை வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுப் பிள்ளையை மட்டும் உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்து ஒரே கேள்விதான் கேட்பாள்: "கடைசியா உனக்கு எதுக்குக் கோபம் வந்துச்சு?"

அதுதான் அவளுடைய முறை. எந்த வகுப்பு, எத்தனை மார்க்கு, நீதிக்கதை வேண்டுமா நல்லொழுக்கம் வேண்டுமா, ஒன்றும் கேட்க மாட்டாள். அண்ணனுக்கு மட்டும் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள் என்று கோபப்பட்ட பெண்ணுக்கு, அப்பாவின் படகை எடுத்துக்கொண்டு ஆற்றோடு போய்விட்ட ஒருத்தியின் கதை. கூட்டாளி புதுப் பையனோடு சேர்ந்துகொண்டான் என்று கோபப்பட்டவனுக்கு, ஒருவரையொருவர் நம்பாத இரண்டு ஒற்றர்களின் கதை. இந்த வயசில் சந்தோஷத்தைக் கேட்டால் பொய் சொல்வார்கள், பயத்தைக் கேட்டால் வாயே திறக்க மாட்டார்கள், கோபத்தைக் கேட்டால்தான் உள்ளதைச் சொல்வார்கள் என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

ஊராட்சித் தலைவர் கோட்டைச்சாமிக்கு இதெல்லாம் சுற்றுவழியாகப் பட்டது. ஊருணி காய்ந்து கிடக்கிறது, நூலகத்தில் ஒரு மழை நாவல் இருக்கிறது, பிறகென்ன? மதுரைக்கு ஆள் அனுப்பி அந்த நாவலைக் கட்டுக்கட்டாக வரவழைத்து, எட்டாம் வகுப்பு மொத்தத்தையும் ஊருணிக் கரையில் உட்காரவைத்து, பந்தலும் போட்டு, ஒரே நேரத்தில் வாசிக்கச் சொன்னார். ஊரே குடத்தோடு நின்றது. பிள்ளைகள் முட்டி முட்டிப் படித்தார்கள். காற்றில் ஈரக் குடை வாசம் லேசாக வந்தது, அவ்வளவுதான். கடைசி வரிசையில் ஒரு பையன் தலைமேல் மட்டும், ஒரு மேசை அகலத்துக்கு, கொட்டோ கொட்டென்று கொட்டியது. தலைவர் ஓடிப்போய் அவனைச் சுற்றி அண்டா வைக்கச் சொன்னார். கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோய் அவன் புத்தகத்தை மூட, அண்டாவும் காய்ந்துபோனது.

"தலைவரே, அவன் மழைக்காகப் படிக்கல" என்றாள் சகாயராணி. "போன வாரம் அவன் நாய் தொலஞ்சு போச்சு. அந்தக் கதையில மழையில ஒரு நாயத் தேடிப் போறாங்க. மத்த பிள்ளைங்களுக்கு நாய் தொலயலையே."

"அப்ப எல்லா நாயையும் புடிச்சு ஒளிச்சு வைப்பமா?" என்று தலைவர் கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

இனி என் வீட்டுக் கதை. என் பெயர் தனபாக்கியம், பெருமாள் கோயில் தெரு முக்கில் மாவு மில் வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் செல்லப்பாண்டி லாரி ஓட்டினார். போன ஆடியில் நாக்பூர் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, இறங்காமலேயே போய்விட்டார். நெஞ்சுவலி என்றார்கள். நல்ல மனுஷன், சத்தமாகப் பேசுவார், வண்டி தெருவுக்குள் திரும்பும் முன்பே அவர் குரல் வீட்டுக்குள் வந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. குழம்பு வைக்கலாம், சோறு பொங்கலாம். வடை, பஜ்ஜி, அதிரசம் என்று எண்ணெய் காயவைத்து ஒன்றும் சுடக் கூடாது, தீபாவளிக்குக்கூட உறவுக்காரர்கள்தான் சுட்டுக் கொண்டுவந்து தருவார்கள். என் வீட்டுக்காரரின் அக்கா முத்துராக்கு, அதாவது என் மதினி, இந்த வழக்கத்தை இம்மி பிசகாமல் காவல் காத்தாள். தாயில்லாமல் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அடுத்த தெருவில்தான் இருக்கிறாள், வாரத்துக்கு நாலு தடவை வந்து அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

நான் அழுது தீர்த்தேன். என் மகள் கனிஷ்கா அழவில்லை. அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். கோபித்துக்கொண்டு தட்டைத் தள்ளியிருந்தால் இரண்டு போட்டு ஊட்டியிருப்பேன். அவள் ஒழுங்காக உட்காருவாள், இரண்டு வாய் எடுப்பாள், "போதும்மா" என்று கையைக் கழுவிவிடுவாள். பதின்மூன்று வயசு, வளர்கிற உடம்பு. சீருடைப் பாவாடையின் கொக்கியை மாதத்துக்கு ஒருமுறை தள்ளித் தைத்தேன். ராமநாதபுரத்தில் டாக்டர் டானிக் எழுதினார், பசி எடுக்க மாத்திரை எழுதினார், ஆள் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ராத்திரியில் அவள் தோள்பட்டை எலும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டருக்கும் சாமிக்கும் அப்புறம் நூலகம்தான் மிச்சம் இருந்தது. கூட்டிப்போனேன். சகாயராணி வழக்கமான கேள்வியைக் கேட்டாள், கனி ஸ்டூலில் உட்கார்ந்து சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா இல்லாத பிள்ளை என்பதால் சகாயராணி அப்பா இல்லாத பிள்ளைகளின் கதையாகத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அநாதை விடுதிக் கதை, ரயிலடியில் காத்திருக்கும் பெண்ணின் கதை, ஊரை விட்டுப் போகும் தாய் மகள் கதை. எல்லாம் நல்ல கதைகள்தான், கனியும் ஒழுங்காகப் படித்தாள். எங்கள் வீட்டுக்குள் விடுதி மணி அடித்தது, சாம்பல் நிற மழை விடாமல் பெய்தது. தலைவர் பந்தல் போட்டும் வராத மழை என் வீட்டில் சும்மா பெய்கிறதே என்று பக்கத்து வீட்டார் குடத்தோடு வந்து நின்றார்கள். கனி கதையை முடித்துப் புத்தகத்தை மூடினால் குடம் காய்ந்துவிடும், அவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். மூன்றாவது கதை முடிந்தபோது அவள் அந்த இரண்டு வாய்ச் சோற்றையும் ஒன்றாக்கிவிட்டாள்.

சகாயராணி மொபெட்டை எடுத்துக்கொண்டு நேராக மில்லுக்கே வந்தாள். மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது, தும்மிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, நான் தப்புப் பண்ணிட்டேன். இந்தப் பிள்ள ஏற்கெனவே துக்க வீட்டுக்குள்ளதான் இருக்கு. அதே வீட்டயே திரும்பத் திரும்பக் காட்டியிருக்கேன்."

"நீங்க என்ன மேடம் பண்ணுவீங்க" என்றேன். உண்மையில் எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது.

கனி மாவுச் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். சகாயராணி அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இயந்திரச் சத்தத்தில் காது கேட்காது என்பதால் தொண்டை கிழியக் கத்தினாள்: "கனி! கடைசியா உனக்கு எதுக்குக் கோபம் வந்துச்சு?"

நான் இயந்திரத்தை நிறுத்தப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினாள். கத்தி ஒருத்தர் கேட்டால் கத்தித்தானே பதில் சொல்ல வேண்டும். கனி எழுந்து நின்று, கழுத்து நரம்பு புடைக்க, அத்தனை மாதமாக நான் கேட்காத குரலில் கத்தினாள்: "எல்லாரும் எங்க வீட்டுக்குள்ள வந்தா மெதுவாப் பேசுறாங்க! அம்மாவும் மெதுவாத்தான் பேசுது! எனக்குப் புடிக்கல!"

சகாயராணி எழுந்து, சேலையில் ஒட்டிய மாவைத் தட்டி, "வா, புஸ்தகம் எடுக்கலாம்" என்று அவளைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனாள்.

அவர்கள் எடுத்து வந்தது அட்டை கிழிந்த பழைய நாவல், 'ஏழு அண்டாவும் ஒரு கழுதையும்' என்று பெயர். கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிற ஒரு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டு ஊர் ஊராகப் போகும் ஒரு பெண்ணின் கதை. "இதுல ஒரு பக்கத்துலகூட ஒருத்தரும் மெதுவாப் பேச மாட்டாங்க, நான் கேரண்டி" என்றாள் சகாயராணி. துக்க வீட்டுக்குச் சிரிப்புக் கதையா என்று நான் கொஞ்சம் தயங்கினேன். ஆனால் மில்லில் கேட்ட அந்தக் குரல் என் காதிலேயே நின்றுவிட்டதால் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் கனி கூடத்தில் சாய்ந்து படிக்க ஆரம்பித்தாள். முதலில் பாத்திரம் உருளும் சத்தம், பிறகு கழுதை கனைப்பு, பிறகு ஒரு ஆண்குரல், "எவன்டா என் கரண்டிய எடுத்தது?" என்று, அதற்கு ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் நான் இல்லை நான் இல்லை என்று சத்தம் போட்டார்கள். ஒரு கல்யாண வீடே என் கூடத்துக்குள் வந்து இறங்கி, யார் பெரியவன் என்று சண்டை போட்டுக்கொண்டு காய் நறுக்கியது. அதோடு விட்டால் பரவாயில்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் அந்தக் கூட்டம் எண்ணெய்ச் சட்டி வைத்தது. உளுந்து வடை, பிறகு வெங்காயம், பிறகு பாகு காய்ச்சி அதிரசம். காய்ந்த எண்ணெயில் மாவு விழுகிற அந்தச் 'சொய்ங்' சத்தம், அதன் வாசம், என் வீட்டுச் சன்னல் வழியே புறப்பட்டுத் தெரு முழுக்கப் போனது.

துக்க வீட்டில் எண்ணெய் வாசம்! கால் மணி நேரத்தில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"வருசம் திரும்பலையேப்பா, அதுக்குள்ளயா?"

"ஏ, சட்டி வைக்கலப்பா, பிள்ள படிக்குது."

"வாசம் வந்தா வச்ச கணக்குதான்."

"எண்ணெயே இல்லாம எப்பிடிடா வச்ச கணக்காவும்? பேய்க்கத படிச்சா பேய் ஓட்டுன கணக்கா?"

ஒருத்தி உள்ளே போய் என் அடுப்பைத் தொட்டுப் பார்த்து, சில்லென்று இருக்கிறது என்று வெளியே வந்து சாட்சி சொன்னாள். இன்னொருத்தர் நாவலில் சுட்டதற்கு நாவலில் உள்ளவர்கள்தான் பொறுப்பு என்றார். வாதம் சூடு பிடித்துக்கொண்டிருந்தபோது தெருக்கோடியில் முத்துராக்கு மதினி வருவது தெரிந்தது. நடையிலேயே தெரிந்தது, யாரையோ உண்டு இல்லை என்று பண்ணத்தான் வருகிறாள். கூட்டம் தானாக வழி விட்டது.

"ஏ பாக்கியம்! என் தம்பி போயி வருசம் ஆகல, என் வீட்டுல வடயா சுடுற?"

"மதினி, நான் சுடல. கனி படிக்கிற கதையில…"

"கத! எங்க அந்தக் கத?" என்று கூடத்துக்குள் போய் கனியின் முன் நின்றாள். "மூடுடி அத!"

கனி நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் அடுப்புச் சூட்டில் நின்றவர்களுக்கு வருகிற மாதிரி வேர்வை. "அத்த, இப்ப மூட முடியாது. பந்தி பாதியில இருக்கு" என்றாள். பிறகு ஏதோ யோசித்த மாதிரி கொஞ்சம் நிறுத்தி, "எனக்குப் பசிக்குது" என்றாள்.

கூட்டம் அப்படியே நின்றது. கழுதைகூடக் கனைக்கவில்லை. இந்த ஒரு வார்த்தைக்காக நான் டாக்டரிடம் போனேன், முனியய்யாவுக்கு நேர்ந்துகொண்டேன், பொங்கிய சோறெல்லாம் மாட்டுக்குத்தான் போனது. இப்போது பசிக்கிறது என்கிறாள், என்னிடம் இருப்பதோ காலையில் வைத்த ரசமும் சோறும். பிள்ளைக்குப் பசித்தது சோற்றுக்கு இல்லை, அந்தச் சட்டிக்கு. கதையில் வேகிற வடையோ பசியாற்றாது, கணக்கு வாத்தியார் வீட்டு நண்டு மாதிரிதான். என் கையால் சட்டி வைக்க எனக்கு உரிமை இல்லை, மதினி எதிரில் நிற்கிறாள்.

நான் மதினியைப் பார்த்தேன். அவள் கோபமாக இருக்கிறாள் என்றுதான் இத்தனை மாதமும் நினைத்திருந்தேன். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தச் சட்டி அடுப்பில் ஏறினால் தம்பி நிஜமாகவே போய்விட்டான் என்றாகிவிடும், அதற்குத்தான் அவள் பயந்து வாரத்துக்கு நாலு தடவை வந்து பார்த்தாள். கனியின் கழுத்தெலும்பையே வெறித்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"கடல மாவு இருக்கா?"

"மாவு மில்லுக்காரி வீட்டுல இல்லாமலா மதினி?"

"வாழக்கா?"

வாசலில் நின்றவர்களில் யாரோ, "எங்க வீட்டுல இருக்கு, இந்தா வர்றேன்" என்று ஓடினார்கள். மதினி பரணில் கவிழ்த்து வைத்திருந்த எண்ணெய்ச் சட்டியைத் தானே எடுத்து, தூசியைக் கழுவி, அடுப்பில் ஏற்றினாள். வாசலைப் பார்த்துத் திரும்பி, ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்: "இது நான் பொறந்த வீடு. என் தம்பிக்காக நாந்தான் சட்டி வைக்க வேணாம்னேன், நானே வைக்கிறேன். கேக்கணும்னா செல்லப்பாண்டி எந்திரிச்சு வந்து என்கிட்டக் கேக்கட்டும்!"

அவர் பெயரை அத்தனை சத்தமாக ஒருத்தர் சொல்லி எவ்வளவு காலம் ஆகியிருந்தது! என் உடம்பெல்லாம் கூசியது, ஆனாலும் நன்றாக இருந்தது.

எண்ணெய் காய்ந்தது. கதையில் ஒரு சட்டி, அடுப்பில் ஒரு சட்டி, எது எந்தச் சத்தம் என்று பிரிக்க முடியவில்லை. வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்து வாழைக்காய் சீவினார்கள், மாவு கரைத்தார்கள், தண்ணீர் கூடிவிட்டது என்று ஒருத்தியும் இல்லை என்று ஒருத்தியும் சண்டை போட்டார்கள். யாருக்கும் மெதுவாகப் பேச ஞாபகம் இல்லை. சகாயராணியும் சேதி கேட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்ற மறந்து நிலைப்படியில் நின்றாள். நான் அவள் கையைப் பிடித்து, முதல் ஈட்டில் ஒரு பஜ்ஜியை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். சூடு தாங்காமல் அவள் அதை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள், கன்னத்தில் குழி விழுந்தது.

கனி புத்தகத்தை மடியில் விரித்து வைத்தபடியே தட்டை வாங்கினாள். ஒன்று தின்றாள். இன்னொன்று தின்றாள். மூன்றாவதைப் பாதி கடித்துவிட்டு, அடுப்படியைப் பார்த்து, "அத்த, உள்ள வேகல!" என்று கத்தினாள்.

"வேகாம என்னடி!" என்று மதினி கரண்டியோடு திரும்பிக் கத்தினாள். "ஒங்கப்பனும் இப்பிடித்தான், வேகல வேகலன்னே ஒரு சட்டிய முழுசாத் திம்பான்! கடேசியில மாவுச் சட்டியையும் வழிச்சு நக்குவான், திருட்டுப் பய!"

கனி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், வாய் நிறையப் பஜ்ஜியோடு அழ ஆரம்பித்தாள். அப்பா போன நாளிலிருந்து வராத அழுகை முழுவதும் வந்தது, தோள் குலுங்க, மூக்கு ஒழுக, ஊர் மொத்தமும் பார்க்க. ஆனால் மெல்லுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தட்டில் இன்னும் இரண்டு வைத்தேன்.